பாசம் மறைக்கும் கால் புண்

ஐயா,

கோயில் யானையைப் பற்றிக் குறை சொன்னால் பக்தர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. 'பிள்ளை மாதிரி வளர்க்கிறோம்' என்கிறார்கள். காட்டில் கூட்டமாக நடந்து மேய வேண்டிய விலங்கு, கருங்கல் தரையில் தனியாகச் சங்கிலியோடு நிற்கிறது. பாதம் வெடிக்கிறது, நகக்கண்ணில் சீழ் வைக்கிறது. ஓயாமல் தலையை ஆட்டுவது மன உளைச்சலின் அறிகுறி. நாமோ, 'நாதஸ்வரத்துக்கு ஆடுகிறது' என்று படம் பிடிக்கிறோம். (பத்து ரூபாய் கொடுத்து ஆசீர்வாதம் வேறு!)

2024 நவம்பரில் திருச்செந்தூரில் பாகனும் அவருடைய உறவினரும் யானை தாக்கி இறந்தபோதும், செல்ஃபிமீது பழியைப் போட்டுப் பலர் பேச்சை முடித்துக்கொண்டார்கள். யானைகளின் மருத்துவப் பரிசோதனை அறிக்கையை அறநிலையத் துறை கோயில் வாசலிலேயே ஒட்டி வைக்கட்டும்.

ஒரு வாசகர், கும்பகோணம்