அரக்கோணத்து விமானம் விசாகப்பட்டினத்தில் நிற்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதம் குடும்பத்தோடு விசாகப்பட்டினம் போயிருந்தோம். ராமகிருஷ்ணா கடற்கரையில் மணல்மேல் நிறுத்தியிருக்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போய்வந்ததிலிருந்து என் பத்து வயது மகனுக்கு வேறு பேச்சே இல்லை.

1969-இல் கடற்படையில் சேர்ந்து, 1971 போரைப் பார்த்து, 2001-இல் ஓய்வு பெற்ற கப்பல். 91 மீட்டர் நீளம் என்றாலும் உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிகிறது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வட்டமான திறப்பு வழியே குனிந்து, காலைத் தூக்கிவைத்து நுழைய வேண்டும். முன்பக்கம் டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதம்) ஏவும் குழாய்கள் ஆறு, பின்பக்கம் நான்கு. டார்பிடோக்களை ஒட்டியே படுக்கைகள். எழுபத்தைந்து பேர் இதற்குள் நாள்கணக்கில் வெயிலைப் பார்க்காமல், குளிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். இதையெல்லாம் சொன்னவர் அங்கே வழிகாட்டியாக இருக்கும் ஓய்வுபெற்ற கடற்படை வீரர். "தண்ணிக்குள்ள எஞ்சின் எப்படி ஓடும்?" என்று மகன் கேட்டான். நீர்மட்டத்துக்கு வரும்போது டீசல் எஞ்சினை ஓட்டி பேட்டரிகளில் சார்ஜ் ஏற்றிக்கொள்வோம், மூழ்கிய பிறகு அந்த மின்சாரம்தான் என்று பொறுமையாக விளக்கினார். பலகையில் எழுதி வைத்திருந்தால் அவன் படித்திருக்க மாட்டான்.

சாலையின் எதிர்ப்புறம் டியு-142 ரோந்து விமானம் நிற்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, நம் அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து பறந்த விமானம் அது! 2017 மார்ச்சில் ஓய்வு பெற்று, அந்த டிசம்பரிலேயே அங்கே அருங்காட்சியகமாகிவிட்டது. பெருமையாக இருந்தது, ஏக்கமாகவும் இருந்தது.

நமக்கும் ஒரு வாய்ப்பு வந்ததே! குர்சுராவின் வகையைச் சேர்ந்த ஐ.என்.எஸ். வாக்லி 2010-இல் ஓய்வு பெற்றபோது, அதை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கத் திட்டமிட்டார்கள். சென்னைத் துறைமுகம் வரை கப்பல் வந்தும் சேர்ந்தது. அதோடு சரி.

1914-இல் சென்னைமீது குண்டு வீசிய எம்டன் கப்பலின் பெயரை இன்றும் கெட்டிக்காரர்களுக்கு வைத்துப் பேசுகிறோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில், பிள்ளைகள் ஏறிப் பார்க்க ஒரு போர்க்கப்பல் வேண்டாமா?

அடுத்து ஓய்வுபெறும் கப்பல் ஒன்றை மாநில அரசு கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு முன்பே இடம், பணம், பராமரிப்பு ஆட்கள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு வெகுநாள் தாங்காது. வழிகாட்ட, ஓய்வுபெற்ற கடற்படையினர் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தமிழில் சொல்ல, நம் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கடலூர்.