காலிமுகத்திடலுக்குத் தேவை மரமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு காலிமுகத்திடலில் புல் கருகும்போதெல்லாம் மரம் நடலாம், கல் பதிக்கலாம் என்ற யோசனைகள் கிளம்புகின்றன. அந்த இடம் கவனிப்பாரற்று வெறுமையானதல்ல. கோட்டைப் பீரங்கிகளுக்கு எதுவும் மறைக்கக் கூடாதென்று ஒல்லாந்தர் வெட்டவெளியாக வைத்திருந்த நிலம் அது. ஆங்கிலேயர் அங்கே குதிரைப் பந்தயம் விட்டார்கள். 1893இல்தான் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்குப் போனது. கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தவர் தேசாதிபதி ஹென்றி வார்ட். கொழும்புச் சீமாட்டிகள், சிறுவர்களின் நலனுக்காக இதைப் பேணும்படி பின்வருவோரைக் கேட்கும் அவரது கல்வெட்டு இன்னும் இருக்கிறது. (எந்தச் சீமாட்டிகள் என்பது கல்லில் இல்லை.) சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்து 1956 ஜூன் 5இல் அமர்ந்த தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் அடிபட்டதும் இதே திடலில்தான். வெளி வெளியாகவே இருக்கட்டும்.

புல் சாவதற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல. மேடைச் சாமான் ஏற்றிய லொறிகளும் ஓயாத காலடிகளும் மண்ணை இறுக்கிவிடுகின்றன. மழைநீர் உள்ளே இறங்காமல் தேங்க, வேர் மூச்சுமுட்டி அழுகும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் உப்புச் சாரலும் மேலேயே தங்கிவிடும். தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதால் பயனில்லை. அது காய்ந்ததும் உப்பு மறுபடி மேலே வரும்.

முதலில் துளையிட வேண்டும். கூர்க்கம்பியால் குத்தினால் துளையைச் சுற்றி மண் இன்னும் இறுகும். மண்ணைத் தண்டுதண்டாக வெளியே எடுக்கும் குழல் ஊசி இயந்திரமே சரி. ஆழம் 3 முதல் 4 அங்குலம், இடைவெளி 2 முதல் 3 அங்குலம். பிறகு கால் அங்குலக் கனத்துக்குப் பருமணல்: 1,000 சதுர மீற்றருக்கு 6 கன மீற்றர், அதாவது இரண்டு கியூப்புக்குச் (ஒரு கியூப் 100 கன அடி) சற்று மேல். மலிவென்று கழுவாத கடல் மணலைக் கொட்டினால் உப்பை நாமே போட்டதாகும். அதன்பின் நல்ல தண்ணீரை நிறையப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்கலாம். செப்டெம்பர் கடைசியில் தொடங்கினால் ஒக்டோபர் மழை அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும்.

மொட்டையான இடங்களுக்கு உப்பைத் தாங்கும் கடலோரப் பஸ்பாலம் புல் பொருந்தும். கணுவுள்ள கொடித்துண்டுகளை 6 அங்குலத்துக்கு ஒன்றாக நட்டு, மூடிப் படரும் வரை இரண்டு மூன்று மாதம் யாரும் மிதிக்கக் கூடாது. முழுத் திடலையும் அடைத்தால் பட்டம் விடும் பிள்ளைகள் எங்கே போவார்கள்? மூன்றில் ஒரு பங்காக அடைத்தால் போதும்.

மேடை போடுபவர்கள் பலகை விரித்தே லொறியை ஏற்ற வேண்டும். மழை பெய்த மறுநாள் பலகை இருந்தாலும் ஏற்றக் கூடாது.

இப்படிக்கு,
திடலுக்கு வரும் வாசகர்கள் சிலர்,
கொழும்பு.