ஆளாளுக்கு 16 ஜிபி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோரத்தில் கணினி படிக்கும் மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு எடுக்கும் தலைப்புகளில் ஒன்று, கரைக்கும் படகுக்கும் இடையே பேசும் குரல் அழைப்புச் செயலி. நல்ல தலைப்புதான். ஆனால் யாரோ எப்போதோ கம்பைல் செய்து (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றி) இணையத்தில் போட்ட லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அதில் எந்தக் கோடெக் (குரலைச் சுருக்கி விரிக்கும் நிரல்) இருக்கிறது, குறியாக்கம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை. இந்த லைப்ரரிகளை மூலநிரலிலிருந்தே கட்டிப் பழக வேண்டும். அதற்கு வேண்டிய மூலநிரல் நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு வன்வட்டில் கிடைக்க வேண்டும்.

பலரும் முதலில் கை வைப்பது வெப்ஆர்டிசி என்ற குரல், வீடியோ அழைப்பு லைப்ரரி. கூகுள் 2011-ல் மூலநிரலைத் திறந்துவிட்டது. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஆண்ட்ராய்டு பாகங்களோடு இறக்கினால் சுமார் 16 ஜிபி என்று அதன் ஆவணமே சொல்கிறது; அதில் பாதி, ஆண்ட்ராய்டுக்கு நிரல் கட்டும் கருவித்தொகுப்புகளான எஸ்டிகே, என்டிகே. கம்பைல் செய்யும்போது இன்னும் பெருகும் என்பதால் 60 ஜிபியாவது காலியிடம் வைத்துக்கொள்வது நல்லது. ஆண்ட்ராய்டுக்கு லினக்ஸ் கணினியில்தான் கட்ட முடியும், ஐஓஎஸ்ஸுக்கு மேக் வேண்டும். கட்டும் வரிசை இது: முதலில் டிப்போ டூல்ஸ் என்ற கருவித்தொகுப்பு, அதிலுள்ள ஃபெட்ச் கட்டளையால் மூலநிரல், பிறகு சார்புக் கோப்புகளைக் கொண்டுவரும் ஜிகிளையன்ட் சிங்க், ஜிஎன்-னில் அமைப்பு, கடைசியில் கம்பைலை ஓட்டும் நிஞ்சா.

முதல் தடங்கல் இறக்கும்போதே வரும். மூலநிரலை இறக்கும் கிட் குளோன் கட்டளை பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. மொபைல் டேட்டாவில் டவர் மாறி மாறி விழும் ஊர்களில், போதாக்குறைக்குக் கரண்டும் போனால், அன்றைய டேட்டா அத்தனையும் வீண். பழைய வரலாற்றை விட்டுவிட்டு இறக்கும் நோ-ஹிஸ்டரி விருப்பம் சுமையைக் குறைக்கும். ஆனால் பிறகு வேறு கிளைக்கு (பதிப்பு வரிசைக்கு) மாறுவது சிரமம். கிளை மாற்றினால் ஜிகிளையன்ட் சிங்க்கை மறுபடி ஓட்டியே ஆக வேண்டும். மறந்தால் சார்புக் கோப்புகள் பழையதாகவே நின்று, சம்பந்தமில்லாத இடத்தில் பிழை காட்டும்.

8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் நிஞ்சாவை அப்படியே விட்டால் எல்லா கோர்களையும் பிடித்துக்கொண்டு நினைவகத்தைத் தின்றுவிடும். கணினி உறைந்து நிற்கும். ஒரே நேரத்தில் 2 வேலை என்று கட்டுப்படுத்தி, ராம் போதாதபோது உதவும் ஸ்வாப் இடமும் வட்டில் ஒதுக்க வேண்டும். பிழைதிருத்தத் (டீபக்) தகவல்களையும் டெஸ்ட் நிரல்களையும் ஜிஎன் அமைப்பிலேயே அணைத்துவிட்டால் நேரம், இடம் இரண்டும் மிச்சம். எல்லாம் முடிந்து தங்கள் நிரலோடு இணைக்கும்போது 'வரையறுக்கப்படாத குறிப்பு' என்று பக்கம் பக்கமாகப் பிழை வந்தால், வெப்ஆர்டிசி தன்னோடு கொண்டுவரும் சி++ ஸ்டாண்டர்டு லைப்ரரிக்கும் தங்கள் கம்பைலரின் லைப்ரரிக்கும் ஒத்துப்போகவில்லை என்று சந்தேகிக்கலாம். ஜிஎன் அமைப்பிலுள்ள யூஸ்_கஸ்டம்_லிப்சிஎக்ஸ்எக்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கிப் பார்க்க வேண்டிய இடம் இது.

வீடியோவும் பிரௌசரும் தேவையில்லை, குரல் மட்டும் போதும் என்றால் இத்தனை பாடும் வேண்டாம். பிஜேசிப் என்ற லைப்ரரி போதும் என்பதே எங்கள் கருத்து. சி மொழியில் எழுதியது, அளவில் மிகச் சிறியது, அதே தளங்கள் அனைத்திலும் ஓடுவது. அதன் படிகளைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

மூலநிரலை விரித்ததும் பிஜேலிப் அடைவுக்குள் கன்ஃபிக்_சைட்.ஹெச் என்ற கோப்பை நாமே உருவாக்க வேண்டும். வெறுங்கோப்பாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டால் கம்பைல் முதலடியிலேயே நின்றுவிடும். ஆண்ட்ராய்டு என்று அறிவிக்கும் வரியும், மாதிரிக் கோப்பைச் சேர்க்கும் வரியும் அதில் வேண்டும். அடுத்து என்டிகே இருக்கும் பாதையைச் சூழல் மாறியில் கொடுத்து, கன்ஃபிகர்-ஆண்ட்ராய்டு கட்டளையை ஓட்ட வேண்டும். பிறகு வரிசையாக மேக் டெப், மேக் கிளீன், மேக். ஜாவாவில் அழைக்க வேண்டுமானால் ஸ்விக் கருவியும் ஜேடிகே என்ற ஜாவா கருவித்தொகுப்பும் முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும்.

ஓபஸ் (குரல் கோடெக்), ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) இரண்டையும் அதே என்டிகேயால், அதே பிராசஸர் வகைக்கு முதலில் கட்டி, அவற்றின் பாதையைக் கன்ஃபிகருக்குச் சொல்ல வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஓபன்எஸ்எஸ்எல் கிடைக்காவிட்டால் கன்ஃபிகர் நிற்காது. கிடைக்கவில்லை, எஸ்எஸ்எல் வசதியை அணைக்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். கம்பைலும் வெற்றியாக முடியும். செயலி டிஎல்எஸ் என்ற குறியாக்க இணைப்புக் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே கன்ஃபிகரின் வெளியீட்டைக் கோப்பில் சேமித்து வரி வரியாகப் படிக்க வேண்டும்.

கடலோரத்தில் இன்னும் பழைய 32-பிட் போன்கள் புழங்குகின்றன. 64-பிட்டுக்கான ஆர்ம்64-வி8ஏ, 32-பிட்டுக்கான ஆர்ம்இஏபிஐ-வி7ஏ இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். இரண்டையும் ஒரே அடைவில் கட்டாமல் மூலநிரலை இரு நகல் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. பிளே ஸ்டோர் 2019 ஆகஸ்ட் முதல் 64-பிட் பாகத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைக்கும் செயலிகளுக்கு 16 கேபி நினைவகப் பக்க ஆதரவும் 2025 நவம்பரிலிருந்து கட்டாயம். என்டிகே 28-ல் அது தானாகவே அமைகிறது. பழைய பதிப்பென்றால் நிரல் பாகங்களை இணைக்கும் லிங்கருக்கு மேக்ஸ்-பேஜ்-சைஸ் 16384 என்று சொல்ல வேண்டும்.

விண்டோஸில் கிட் வைத்து இறக்கி, உள்ளிருக்கும் லினக்ஸில் கட்டுகிறவர்கள் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை முதலில் அணைக்கட்டும். வரிமுடிவுகள் மாறிப்போனால் கன்ஃபிகர் கோப்பே ஓடாது. அடைவின் பெயரில் இடைவெளியும் கூடாது.

இனி அலைவரிசைக் கணக்கு. மூலநிரலிலிருந்து கட்டுவதன் பலன் இதில்தான் தெரியும். பழைய ஜி.711 கோடெக் குரலுக்கு மட்டும் 64 கேபிபிஎஸ் (வினாடிக்குக் கிலோபிட்) கேட்கும். ஓபஸை 12 கேபிபிஎஸ்ஸில் வைத்தால் 20 மில்லிவினாடிக்கு ஒரு பொட்டலம் (பாக்கெட்), அதில் குரல் 30 பைட். ஆனால் முகவரி முதலியவற்றைச் சுமக்கும் ஐபி, யூடிபி, ஆர்டிபி தலைப்புகள் மட்டும் 40 பைட். ஐபிவி6 என்றால் 60. சரக்கைவிடக் கூடை கனம். 40 பைட் கணக்கில் மொத்தம் 28 கேபிபிஎஸ் ஆகிறது. ஒரு பொட்டலத்தில் மூன்று சட்டகம் வைத்து 60 மில்லிவினாடி ஆக்கினால் சுமார் 17-க்கு இறங்கும். பதிலுக்கு ஒரு பொட்டலம் தொலைந்தால் ஒரு எழுத்தே விழுங்கப்படும். கரையோரச் சிக்னலில் எது தேவலை என்பதை வடகடலிலும் (பாக் விரிகுடா) தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) போனை வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கச்சான் காற்று வீசும்போது மைக்கில் விழும் இரைச்சலையும் அங்கேயே சோதிக்கலாம், ஏசி அறையில் முடியாது.

மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பதால் இரு போன்கள் நேரடியாக இணைவது பல நேரம் நடக்காது. நடுவே நின்று குரலைக் கடத்தும் டர்ன் சர்வர் (கோடர்ன் போன்றது) ஒன்று, 3478-ஆம் போர்ட் திறந்து, இருக்கவே வேண்டும். ஒரே வைஃபையில் சோதித்த செயலி வெளியே போனதும் ஊமையாவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

ஒன்றை மாணவர்கள் மறக்கக் கூடாது. டவர் எட்டாத ஆழத்தில் இந்தச் செயலி எதுவும் உதவாது. ஆபத்துக்கு விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலும், சிக்னல் இருக்கும் இடத்தில் கடலோரக் காவல்படையின் 1554 என்ற தொலைபேசி எண்ணும்தான். செயலியின் முதல் திரையிலேயே இதை எழுதிவைப்பது நல்லது.

மாவட்ட மைய நூலகத்துக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இது: ஆண்டுக்கு ஒருமுறை வெப்ஆர்டிசியின் ஒரே ஒரு கிளையை வரலாற்றோடு இறக்கி, பிஜேசிப், ஓபஸ், ஓபன்எஸ்எஸ்எல், ஒரு என்டிகே பதிப்பு ஆகியவற்றோடு ஒரு வட்டில் வையுங்கள். அடைவுகளை அப்படியே நகலெடுத்தால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் கோப்பு அனுமதிகள் கெடும். டார் என்ற ஒற்றைத் தொகுப்புக் கோப்பாகக் கட்டிய பிறகே நகலெடுக்க வேண்டும். ஃபேட்32 பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதால் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எஸ்எச்ஏ-256 எண்ணையும் தாளில் அச்சிட்டு வட்டோடு ஒட்டிவிடுங்கள். பிஜேசிப் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால், அதைக் கொண்டு செய்த செயலியை வெளியிடுகிறவர் தம் மூலநிரலையும் தர வேண்டும். அந்த நிரல்களும் அதே வட்டில் சேரட்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பயிற்றுநர்கள் சிலர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.