கல்வீடு இருந்தால் வறுமை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் வறியவர்களுக்கான பழைய உதவித் திட்டமான சமுர்த்திக்குப் பதிலாக 2023இல் அஸ்வெசும என்ற புதிய திட்டம் வந்தபோது மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் என்றார்கள். மத்திய அரசின் பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. சரி, நல்ல விடயம்தான். ஆனால் யார் ஏழை என்பதற்கான புள்ளியையும் கொழும்பே போடுகிறது. எங்கள் ஒழுங்கையில் கருவாடு காயவைத்துப் பிழைக்கும் அக்காவுக்கு உதவி இல்லை. கூரை ஒழுகும் கல்வீடும் ஓடாத மோட்டார் சைக்கிளும்தான் அவருடைய சொத்து. மேன்முறையீட்டுத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு அலைகிறார்.

இதைக் கேட்கவேண்டிய கிழக்கு மாகாண சபை திருகோணமலையில்தான் இருக்கிறது. 2017க்குப் பிறகு அதில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் இல்லை. செலவுக்கும் பெரும்பாலும் மத்திய அரசின் திறைசேரி தரும் மானியத்தையே நம்பியிருக்கிறது. தேர்தலை வையுங்கள். வாடைக்காலத்தில் கடலுக்குப் போகமுடியாத குடும்பங்களுக்கென்று மாகாணத்துக்குத் தனி நிதி ஒதுக்குங்கள்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை