பண்ணாரிக்குப் போற தம்பி கார்த்திக்கு

தம்பி கார்த்தி,

தண்டையார்பேட்டை பசங்கள கூட்டிக்கினு வேன்ல மைசூர் போறியாமே, உங்கம்மா சொன்னாங்க. வழியில பண்ணாரி அம்மனை ஒரு கும்புடு போட்டுட்டு அப்டியே ஏறிடுவோம்னு சொன்னியாம், அது எனக்கு மனசுக்கு ஒப்பல, அதான் எழுதுறேன்.

நம்ம பக்கம் அம்மன்லாம் வீடுங்களுக்கு நடுவுல, ட்ரான்ஸ்பார்மர் ஓரமா இருக்கறவங்க. பண்ணாரி அம்மன் காட்டுக்காரி. சத்தியமங்கலம் தாண்டி மலை அடிவாரத்துல, 2013ல புலிகள் காப்பகமா அறிவிச்சாங்களே அந்தக் காடு.

கதை என்னன்னா, அங்க பட்டி போட்டு மாடு மேய்ச்சவங்க கிட்ட ஒரு பசு மட்டும் கன்னுக்கும் பால் குடுக்காம கறக்கவும் விடாம இருந்துச்சாம், மாட்டுக்காரர் பின்னாடியே போய்ப் பாத்தா வேங்கை மரத்தடியில புல்லு மண்டின எடத்துல தானா பாலை சொரியுது, ஊர்க்காரங்க புல்லை வெட்டிப் பாத்தா புத்து, அதுல சுயம்பு. அப்ப ஒருத்தர் மேல அருள் வந்து, கேரளா மண்ணார்க்காட்டுலேர்ந்து மைசூருக்கு பொதி மாடு ஓட்டிக்கினு போன வியாபாரிங்களுக்குத் துணையா வந்தேன், இந்த எடம் புடிச்சிருச்சு, இங்கயே தங்கிட்டேன்னு சொன்னாளாம்.

யோசிச்சுப் பாரு, நீ போற அதே மைசூர் வழிதான். அவ காட்டைப் பாத்து ஆசைப்பட்டுத்தான் நின்னா. அப்போ அந்தக் காடும் கோயில்தானே தம்பி, மதில் சுவரோட கோயில் முடிஞ்சிருமா?

இன்னும் அங்க திருநீறுக்கு பதிலா புத்து மண்ணுதான் தர்றாங்க. அம்மன் தெக்குப் பாத்து உக்காந்திருப்பா. பங்குனில குண்டம், அதான் நம்ம பக்கம் சொல்ற தீமிதி, பக்தருங்க எல்லாம் எறங்கி முடிச்சப்புறம் கடைசியா ஆடு மாடுங்களையும் அதுல நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க, எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சது, பசு காட்டிக் குடுத்த தெய்வம் இல்லையா.

கோயில தாண்டுனா மலை மேல இருக்கற திம்பம் வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவு. வண்டி அடிச்சு நெறைய மிருகங்க செத்துப்போச்சுன்னுதான் ராத்திரில போக்குவரத்துக்கு கட்டுப்பாடு வெச்சிருக்காங்க, அதனால வெளிச்சம் இருக்கும்போதே மலை ஏறிடுங்க. ஸ்பீக்கர ஆஃப் பண்ணிடு. கொரங்குக்கு பிஸ்கெட் தூக்கிப் போடாதீங்க, கைநீட்டிப் பழகிட்டா அதுங்க ரோட்டுக்கு வந்து டயர்ல மாட்டிக்குது. தண்ணி பாட்டில், சிப்ஸ் கவர் எல்லாத்துக்கும் வேன்லயே ஒரு கோணிப்பை கட்டி வெச்சு ஊருக்குள்ள போய் கொட்டு, பசங்க கேக்கலன்னா அக்கா சொன்னாங்கன்னு சொல்லு.