பதினேழைப் பிடித்துத் தொங்காதே

அன்புள்ள கயல்,

நாங்கள் நலம். உன் வகுப்பில் ஹைக்கூவுக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருப்பதாகவும், பாடத்திட்டத்தில் 5-7-5, அதாவது மூன்று வரியில் மொத்தம் பதினேழு அசை, என்று மட்டும் போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். அமெரிக்கக் கவிதைக்குள் ஹைக்கூ எப்படி நுழைந்தது, அதில் எது தங்கியது என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானிடமிருந்து அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டதில் உண்மையாகவே வேலை செய்தது வெட்டுதான். இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்து, நடுவே ஓர் இடைவெளி விட்டு, சேர்க்கும் வேலையை வாசகரிடம் கொடுத்துவிடுவது. ஜப்பானிய மொழியில் அந்த இடத்தைக் காட்டுவதற்கென்றே 'யா', 'கனா', 'கெரி' போன்ற அசைச்சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அப்படி எதுவும் கிடையாது. கோலனும் கோடும் வரிமுறிவும்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

தொடக்கத்தில் ஒருவரை மறக்காமல் சொல். 1893-ல் கலிபோர்னியா வந்து சேர்ந்த ஜப்பானியக் கவிஞர் யோனே நோகுச்சி, 1904-ல் அமெரிக்கக் கவிஞர்களுக்கு ஒரு யோசனை என்று கட்டுரை எழுதி, ஹொக்கு (ஹைக்கூவின் பழைய பெயர்) முறையை முயன்று பாருங்கள் என்று கேட்டார். நம் பாரதி 1916-ல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியதற்குத் தூண்டுதலும் இதே நோகுச்சியின் எழுத்துதான். ஆனால் அன்றைக்கு ஆங்கிலத்தில் ஹைக்கூ பற்றிப் படிக்க முக்கியமாகக் கிடைத்தது ஆங்கிலேய அறிஞர் பேசில் ஹால் சேம்பர்லேன் 1902-ல் எழுதிய நீண்ட கட்டுரை. அவர் அதை 'எபிகிராம்', அதாவது சாமர்த்தியமான குறுங்கவிதை என்று வகைப்படுத்திவிட்டார். முதல் தலைமுறை ஹைக்கூவில் பார்த்ததும் பெரும்பாலும் அந்தச் சாமர்த்தியத்தைத்தான்.

அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டின் 'மெட்ரோ நிலையம் ஒன்றில்' என்ற கவிதைக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கு. பாரிஸில் லா கான்கோர்ட் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது கண்ட அழகான முகங்கள்தான் பொருள். முதலில் 30 வரி எழுதிக் கிழித்துப்போட்டார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்தில் ஒன்று. அதற்கும் ஒரு வருஷம் கழித்து இரண்டே வரி. 1913 ஏப்ரலில் சிகாகோவின் 'பொயட்ரி' இதழில் வந்தது. தமிழில் ஏறக்குறைய இப்படி:

கூட்டத்தில் இம்முகங்கள் தோன்றிய தோற்றம் :
ஈரக் கருங்கிளையில் இதழ்கள் .

ஆங்கில மூலத்தைக் கரும்பலகையில் எழுதி மாணவர்களையே எண்ணச் சொல். முதல் வரி 12 அசை, இரண்டாவது 7, மொத்தம் 19. பதினேழு வரவில்லை. வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. 'போல' இல்லை. தலைப்பை மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்: முகங்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. தலைப்புதான் இங்கே மூன்றாவது வரி. முதல் அச்சில் சொற்றொடர்களுக்கு நடுவே பெரிய இடைவெளிகள் விட்டிருந்தார், வரியின் கடைசியில் கோலன். பிறகு புத்தகமானபோது இடைவெளிகள் போயின, கோலன் அரைப்புள்ளி ஆனது. கோலன் 'இதுதான் அது' என்று சமன் போடுகிறது. அரைப்புள்ளி இரண்டையும் பக்கத்தில் நிறுத்துவதோடு சரி. எனக்கு அரைப்புள்ளிதான் பிடிக்கும், வாசகருக்கு அது அதிக இடம் கொடுக்கிறது. இரண்டையும் காட்டி அவர்களை வாதாட விடு.

இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'ஒன்றின்மேல் ஒன்று வைத்தல்'. 1914 செப்டம்பரில் எழுதிய கட்டுரையில், பனியில் பூனை நடந்த தடம், பிளம் பூக்கள் என்ற ஜப்பானிய ஹைக்கூவை மேற்கோள் காட்டும்போது, 'போன்றவை' என்ற சொல் மூலத்தில் இருக்காது, தெளிவுக்காக நான் சேர்க்கிறேன் என்கிறார். மொழிபெயர்ப்பில் சேர்த்த அதே சொல்லைத் தன் கவிதையில் அவர் சேர்க்கவில்லை. அமெரிக்கக் கவிதையில் ஹைக்கூ செய்த வேலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அதே கட்டுரையில் அவர் காட்டும் மற்றொன்று, உதிர்ந்த பூ கிளைக்குத் திரும்புகிறது, பார்த்தால் வண்ணத்துப்பூச்சி என்பது. ஜப்பானியக் கவிஞர் மொரிதகேயினுடையது. அவர் 1549-ல் காலமானவர், ஹைக்கூவின் பெருங்கவிஞர் பாஷோ பிறந்ததே 1644-ல். வேடிக்கையும் சொல்விளையாட்டும் மேலோங்கிய காலத்துக் கவிதை அது. பாஷோவின் அமைதி பவுண்டுக்கு எட்டவில்லை என்று சொல்லத் தயங்காதே.

அதே காலத்துக் கவிஞர்களான ஏமி லோவெல், ஐந்து வரியில் 2-4-6-8-2 அசை என்று தனக்கென ஒரு வடிவம் அமைத்துக்கொண்ட அடிலெய்ட் கிராப்சி ஆகியோரை ஒரு நிமிடத்தில் தொட்டுவிட்டுப் போ. வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் சிவப்புக் கைவண்டிக் கவிதையை (1923) ஹைக்கூ என்று சொல்லிவிடாதே, அது ஹைக்கூ ஆகாது. ஆனால் வெறும் 16 சொற்களில் மழைநீர், வண்டி, வெள்ளைக் கோழிகள் என்று காட்டிவிட்டு விளக்காமல் நிறுத்தும் துணிச்சல், பவுண்டு வெட்டிய பாதையில் வந்தது.

இப்போது இந்தப் பதினேழுக்கு வருகிறேன். உன் மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் விரல்விட்டு எண்ணியே ஹைக்கூ எழுதியிருப்பார்கள். ஜப்பானியர் எண்ணுவது ஆங்கில அசையை அல்ல, ஏறக்குறைய நம் மாத்திரையை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. தனித்து நிற்கும் 'ன்' நமக்கு அரை, அவர்களுக்கு முழுசாக ஒன்று. 'ஸ்ட்ரெங்த்' என்ற ஆங்கிலச் சொல் ஓர் அசை. ஜப்பானிய வாயில் அது சு-தொ-ரெ-ன்-கு-சு, ஆறு. ஆகவே பதினேழு ஆங்கில அசையில் ஒரு ஹைக்கூவுக்கு வேண்டியதைவிட நிறையச் சரக்கு ஏறிவிடும். பாஷோவின் 1686-ஆம் வருஷத்துத் தவளையை எடுத்துக்கொள்: பழைய குளம், தவளை குதிக்கிறது, நீரின் ஓசை. ஆங்கிலத்தில் நேராகச் சொன்னால் 11 அசையில் முடிந்துவிடும். மீதி ஆறை நிரப்ப வேண்டும் என்று உட்கார்ந்தால் 'அமைதியான', 'திடீரென்று', 'சின்னஞ்சிறு' எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். குளம் அமைதியாக இருந்தது என்பதை ஓசைதான் சொல்ல வேண்டும். பெயரடை முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் ஓசைக்கு வேலை போய்விடும்.

இரண்டாவது அலை ஆங்கிலேயர் ஆர். எச். பிளைத் கொண்டுவந்தது. ஹைக்கூ பற்றிய அவருடைய நான்கு தொகுதிகள் 1949-லிருந்து 1952-க்குள் வெளியாயின. பருவவாரியாக அடுக்கி, ஜப்பானிய மூலத்தோடு, ஜென் பௌத்தப் பார்வையில் விளக்கம் எழுதினார். எல்லாவற்றையும் ஜென்னில் கொண்டுபோய் முடிப்பது அவருடைய குறை. என்றாலும் சேம்பர்லேனின் சாமர்த்தியத்திலிருந்து ஹைக்கூவை மீட்டு, பார்த்ததைப் பார்த்தபடி வைக்கும் கவிதையாக அமெரிக்கர்களுக்குக் காட்டியவர் அவர். 'பீட்' தலைமுறை எழுத்தாளர்களான கேரி ஸ்னைடர், கின்ஸ்பர்க், கெரோவாக் மூவரும் அவரைப் படித்தவர்கள். மேற்கத்திய மொழிகளுக்குப் பதினேழு தேவையில்லை, மூன்று சின்ன வரி போதும், கவிதைத் தந்திரம் எதுவும் கூடாது என்றார் கெரோவாக். கின்ஸ்பர்க் நேர் எதிராகப் போனார். ஜப்பானில் ஹைக்கூ ஒரே வரியாகத்தான் அச்சாகிறது, நாம் மட்டும் ஏன் மூன்றாக உடைக்க வேண்டும் என்று, பதினேழு அசையில் ஒற்றை வாக்கியங்கள் எழுதி 'அமெரிக்க வாக்கியங்கள்' என்று பெயரிட்டார்.

கணக்கை விடாமலேயே வென்றவர்களும் உண்டு, அதை மறைக்காதே. நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட், பாரிஸில் நோயுற்றிருந்த கடைசிக் காலத்தில் பிளைத்தைப் படித்துவிட்டு 4,000 அளவில் எழுதினார். அதிலிருந்து 817 தேர்ந்தெடுத்து வைத்தார். 1960-ல் இறந்தார், புத்தகமானது 1998-ல். முதல் கவிதையில் தான் யாருமில்லை என்கிறார், மறையும் இலையுதிர்காலச் சூரியன் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்கிறார். கறுப்பின மனிதரின் அடையாளப் போராட்டத்தையே வாழ்நாள் முழுக்க எழுதியவர் பெயரைச் சூரியனிடம் கொடுக்கிறார்! கவிஞர் எத்ரிட்ஜ் நைட் இந்தியானா சிறைக்குள் எழுதிய ஹைக்கூவில், அந்தியில் காவல் கோபுரம் மின்ன, கைதிகள் பாறைமேல் பல்லிகளைப் போலக் கிடக்கிறார்கள். அசை எண்ணிப்பார், 5-7-5 சரியாக இருக்கும். 'போல'வும் இருக்கிறது, ஆனாலும் நிற்கிறது. அந்த உவமை வெளியிலிருந்து வரவில்லை. கைதியும் பல்லியும் ஒரே வெயிலில் கிடக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் லண்டனில் இருந்த பவுண்டிடம் ஆரம்பித்து இவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ, ஸ்டாக்டன் பகுதிகளில் ஜப்பானியக் குடியேறிகள் குழுக்களாகக் கூடி, பதினேழையும், பருவத்தைக் குறிக்கும் பருவச்சொல்லையும் தளர்த்திய புதுமுறை ஹைக்கூவைத் தம் மொழியில் எழுதிவந்தார்கள். 1942-லிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். முட்கம்பிக்குள்ளும் எழுதினார்கள். வயலட் கசுவே தெ கிறிஸ்தோஃபோரோ அவற்றைத் திரட்டி மொழிபெயர்த்து 1997-ல் வெளியிட்ட தொகுப்பு உன் நூலகத்தில் இருக்கிறதா பார். அமெரிக்க மண்ணில் எழுதப்பட்டவை, அமெரிக்கக் கவிதைதான்.

இனி வகுப்பில் செய்யவேண்டியது. முதல் நாள் அசை பற்றிப் பேசாதே. ஒவ்வொருவரும் வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்று, கண்ணும் காதும் மூக்கும் தந்ததை மட்டும் ஆறேழு வரி எழுதி வரட்டும். 'அழகு', 'தனிமை', 'சோகம்' போன்ற சொற்கள் தாளில் இருந்தால் அடித்துவிடச் சொல். பிறகு அதில் இரண்டு காட்சிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று ஒரு வரிக்கு, இன்னொன்று இரண்டு வரிக்கு. வெட்டு முதல் வரியின் முடிவில் அல்லது இரண்டாவதன் முடிவில், ஒரே ஒரு இடத்தில். மூன்று வரியும் மூன்று தனித்தனி துண்டாக நின்றால் மளிகைப் பட்டியல் மாதிரி ஆகிவிடும், புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். கடைசியில்தான் அசை. பத்திலிருந்து பதினாலுக்குள் இருந்தால் போதும். அமெரிக்க ஹைக்கூக் கவிஞர் நிக் விர்ஜிலியோ 1963-ல் எழுதிய அல்லிக் கவிதை பதினொன்றுதான். நீரை விட்டு வெளியே, தன்னை விட்டும் வெளியே என்று மலர் எழும்புகிறது, அவ்வளவுதான்.

இரண்டு காட்சிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சோதிக்க ஒரு வழி. ஒற்றை வரியை மறைத்துவிட்டுப் பக்கத்தில் உள்ளவரை ஊகிக்கச் சொல். உடனே கண்டுபிடித்துவிட்டால் ரொம்பக் கிட்டே இருக்கிறது, வாசகருக்குச் செய்ய ஒன்றுமில்லை. திறந்து காட்டிய பிறகும் விழித்தால் ரொம்பத் தள்ளிப்போய்விட்டது. ஊகிக்க முடியாமல், பார்த்ததும் தலையசைத்தால் சரியான தூரம்.

பருவச்சொல்லில் கவனமாக இரு. ஜப்பானில் நிலா என்றால் இலையுதிர்காலம், தவளை என்றால் வசந்தம் என்று அகராதியே போட்டு வைத்திருக்கிறார்கள். ஆங்கில நிலாவுக்கு அந்தக் கனம் கிடையாது. புளோரிடாவுக்கும் மினசோட்டாவுக்கும் ஒரே பட்டியல் போடவும் முடியாது. செர்ரிப் பூவைக் கடன் வாங்காமல், அவர்கள் ஊரில் அந்த மாதத்தில் மட்டும் தலைகாட்டும் பொருளின் பெயரை எழுதச் சொல்: பனி அள்ளும் லாரி, கொசுவலைக் கதவு, பேஸ்பால். பேஸ்பாலா என்று யாராவது சிரித்தால், ஹைக்கூவுக்கு அந்தப் பெயரையே நிலைநிறுத்திய மசாவோகா ஷிகி பேஸ்பால் ஆடியவர், அதைப் பற்றி ஹைக்கூவும் எழுதியவர், 2002-ல் ஜப்பானியப் பேஸ்பால் புகழ்மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள் என்று சொல்.

கையேட்டில் ஏழெட்டுக்கு மேல் வைக்காதே. பாஷோ, பவுண்டு, ரைட், முகாம் கவிதை ஒன்று, நைட், விர்ஜிலியோ என்ற வரிசையில் வை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை உரக்கப் படிக்கவேண்டும், வெட்டில் ஒரு மூச்சு நிறுத்தி. அச்சில் பார்த்தால் தெரியாத வெட்டு வாயில் வரும்போது தெரிந்துவிடும். மாணவர்கள் எழுதியதில் உனக்குப் பிடித்த இரண்டு மூன்றை, அவர்கள் சம்மதித்தால், அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா