சைக்கிளைக் கீழே கொண்டுவந்து வைத்தவருக்கு

நடந்தது என்ன என்று இதைப் படிக்கும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தோழர்களோடு மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டிப் போனபோது சரிவில் விழுந்தேன், மீட்புக் குழு வந்து தூக்கி இறக்கியது. அதை மறுபடி முதலிலிருந்து சொல்லும் தெம்பு இல்லை. காரை எலும்பு சேர்ந்துகொண்டிருக்கிறது, முழங்கால் வீக்கம் வடிகிறது, ஆள் பிழைத்துக்கொண்டேன். ஒரு கை கழுத்தில் தொங்குவதால் மறு கையின் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நேரில் நன்றி சொல்ல முடிந்தவர்கள். கழுத்தை அசைக்காதே என்று தலைமாட்டில் உட்கார்ந்து என்னோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்த தோழர்கள். தரையின் குளிர் முதுகில் ஏறாமலிருக்கத் தங்கள் பைகளைக் காலி செய்து எனக்கு அடியில் விரித்தவர்கள். செயற்கைக்கோள் கருவியின் அபாயப் பொத்தானை அழுத்தியதோடு நிற்காமல், விசிலை எடுத்து ஊத ஆரம்பித்தவர். நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் மௌனம், மறுபடி ஆறு. மலைகளில் உதவி கேட்கும் முறை அது. பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று. கீழே இருட்டுக்குள்ளிருந்து அந்த மூன்று விசில் கேட்டபோதுதான் நான் அழுதேன், வலியால் அல்ல. இருக்கும் இடத்தின் எண்களை விண்வெளி வழியாக அனுப்பிவிடலாம். அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஆளைக் கண்டுபிடிக்கக் கடைசியில் காதுதான் உதவியது. ஏறி வந்த மீட்புக் குழுவினர், ஸ்ட்ரெச்சரைக் கை மாற்றிக் கை மாற்றிச் சுமந்தவர்கள், தூங்காமல் காத்திருந்த வீட்டார், மருத்துவர்கள், செவிலியர்கள், எல்லோருக்கும் கை கூப்புகிறேன். ஒரு கை இல்லாத குறையோடு.

இனி இந்த மடலை எழுத வைத்த விஷயம். பெயர் தெரியாத ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

மீட்புக் குழு ஆளைத்தான் தூக்கும், சைக்கிளைத் தூக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு ஸ்ட்ரெச்சரைச் சுற்றி ஒரே நேரத்தில் ஆறு பேராவது வேண்டும், மாற்றிப் பிடிக்க இன்னும் ஆட்கள் வேண்டும். என் தோழர்களும் தங்கள் வண்டிகளையே உருட்டித் தள்ளாடி இறங்கினார்கள். என் சைக்கிள் விழுந்த இடத்திலேயே, பாதைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு மரத்தில் சாய்ந்து கிடந்தது. அதை யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. மருத்துவமனையில் முதல் வலிமருந்து வேலை செய்து, மனம் சும்மா இருக்க ஆரம்பித்த பிறகுதான் நினைவு வந்தது. எடுத்து வருகிறேன் என்று தோழர் ஒருவர் கிளம்பிப் போனார். ஏறவே தேவைப்படவில்லை. பாதை தொடங்கும் இடத்தில், தகவல் பலகைக்குப் பின்னால், சங்கிலி இருக்கும் பக்கம் வெளியே தெரியும்படி பதமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அவர் எடுத்து அனுப்பிய படத்தை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன்! வண்டி முழுக்கச் சேறு. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு பளபளப்பான கால்கள் மட்டும் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தன. மணலோடு அந்தக் கால்கள் ஏறி இறங்கினால் உள்ளே இருக்கும் சீல் அறுபடும். வண்டியைப் பற்றித் தெரிந்த கை துடைத்த துடைப்பு அது. சீட் கடைசி வரை இறக்கப்பட்டிருந்தது. பெடல்கள் இரண்டும் இல்லை. போச்சு, யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன். ஃபிரேமில் கட்டியிருந்த பையைத் திறந்தால், ஒரு காலுறைக்குள் இரண்டும் பத்திரமாக இருந்தன. காலுறை என்னுடையதில்லை.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு, வழிக்குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது. பாறைப் பகுதியில் உருட்ட முடியவில்லை, தோளில் தூக்கினேன், பெடல் முதுகில் குத்தியதால் கழற்றினேன், மன்னிக்கவும். பின்சக்கரத்தில் ஓட்டை இருந்தது, பிளக் வைத்திருக்கிறேன், காற்றைச் சரிபாருங்கள். கியர் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருக்கிறது, பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடாதீர்கள், கியர் மாற்றும் டீரெயிலர் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும். கடைசியில் ஒரு வரி: “நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.” பெயர் இல்லை, எண் இல்லை.

ஹேங்கர் என்பது டீரெயிலரைத் தாங்கிக்கொண்டு, அடி விழுந்தால் ஃபிரேமுக்குப் பதிலாகத் தான் வளைவதற்கென்றே வைத்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு. வளைவு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பின்னால் நின்று குனிந்து பார்க்க வேண்டும். முதுகில் 15 கிலோ வண்டியைச் சுமந்து இறங்கிய ஒருவர், இறக்கி வைத்த பிறகு குனிந்து பார்த்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவன் என்றோ ஒருநாள் மறுபடி ஏறி மிதிக்கும்போது கியர் மாற்றி இன்னொரு முறை விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை!

நீங்கள் யார் என்று நாங்கள் விவாதிக்காத நாளில்லை. மலையேறி நடந்து வந்தவராக இருக்கும் என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இறுகிப்போன பெடலைக் கழற்ற நீளமான 8 மி.மீ. ஆலன் கீ என்ற அறுகோணச் சாவி வேண்டும், மல்டி டூலில் இருக்கும் குட்டைச் சாவி மல்லுக்கட்டும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை, தெரியாதவர்கள் இன்னும் இறுக்கிவிடுவார்கள். டயர் பிளக்கை நடைப்பயணி எவரும் பையில் வைத்திருக்க மாட்டார். ஆக நீங்களும் மிதித்துத்தான் வந்திருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் வண்டியை மேலே விட்டுவிட்டு என்னுடையதைத் தூக்கி இறக்கி, திரும்ப அவ்வளவு தூரம் ஏறிப் போய் உங்களுடையதை எடுத்திருக்க வேண்டும். அன்றைய உங்கள் பயணம் அதோடு முடிந்திருக்கும். இது மாதிரி நெடும்பாதைகளில் வெளிச்சத்தையும் தண்ணீரையும் கணக்குப் போட்டுத்தான் கிளம்புவோம். அந்தக் கணக்கு முழுவதையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

சைக்கிளுக்கா இவ்வளவு உருக்கம் என்று வீட்டிலேயே கேட்டார்கள். இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் படுக்கையில் கிடந்த நாட்களில் கண்ணை மூடினால் அந்தச் சரிவுதான் வந்தது, வண்டியும் அங்கேயே கிடந்தது. அது கீழே வந்துவிட்டது என்று தெரிந்த இரவுதான் நன்றாகத் தூங்கினேன். வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

தொலைவான பாதைகளை இணைத்து ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் போனோம். வரைபடத்தில் எல்லாம் ஒரே கோடு. போனால் தெரியும், நல்ல பாதைகளுக்கு ஆட்கள் உண்டு, மரம் விழுந்தால் அறுப்பார்கள், நீர் வடிய வாய்க்கால் வெட்டுவார்கள். ஒன்றையும் இன்னொன்றையும் சேர்க்கும் இடைத்துண்டுதான் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். புதர், சரளை, மண்சரிவு, வண்டியைத் தோளில் போட்டு நடக்கும் மேடு. நான் விழுந்ததும் அங்கேதான், நீங்கள் சுமந்ததும் அங்கேதான். தோள் சரியானதும் முதலில் சைக்கிளோடு போகப்போவதில்லை. கைரம்பத்தோடும் மண்வெட்டியோடும் அந்த இடைத்துண்டுக்குப் போகிறேன். கூட வருகிறேன் என்று மூன்று பேர் இப்போதே சொல்லியிருக்கிறார்கள், மற்றவர்களும் வரலாம்.

ஹேங்கரை மாற்றியாயிற்று. ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டாயிற்று, ஒரு அடி வாங்கிய ஹெல்மெட் இரண்டாவது அடிக்கு ஆகாது. பெடல்களை மட்டும் இன்னும் மாட்டவில்லை, நானே மாட்ட வேண்டும், இரண்டு கையும் வேண்டும்.

இன்னொன்று. காலுறையின் அடியில் உங்கள் ஆலன் கீயும் இருந்தது, தவறுதலாக வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதன் பிடியில் டேப் சுற்றியிருக்கிறது. இது உங்கள் கண்ணில் பட்டால், அந்த டேப்பின் நிறத்தை மட்டும் சொல்லுங்கள். எங்கே இருந்தாலும் கொண்டுவந்து தருகிறேன். காலுறையையும் துவைத்து வைத்திருக்கிறேன்.